இறக்கத்தில் மட்டும் கேட்கும் சத்தம்

கராஜ் பிள்ளைகளே, நீங்கள் விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். "அந்தக் காலத்தில் நாங்கள்..." என்று ஆரம்பித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை. அந்தக் காலத்தில் கை கழுவச் சவர்க்காரம் கிடைக்காது. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு அந்தக் கையாலேயே சோறு சாப்பிட்டோம், சோறும் மண்ணெண்ணெயாகவே மணக்கும். இப்போது உங்களுக்குக் கையுறை இருக்கிறது, வயரைச் செருகினால் பழுதைச் சொல்லும் பெட்டி இருக்கிறது. சந்தோஷமாக வேலை செய்யுங்கள். நான் சொல்ல வந்தது என் கெட்டித்தனத்தை அல்ல. கண்டியில் ஆயுள் பூராவும் ஸ்பேனர் பிடித்த நான் செய்த மடத்தனங்களில் முதலாம் பரிசு வாங்கிய ஒன்றைச் சொல்கிறேன்.

அப்போது நான் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜில் இருந்தேன். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, லயத்திலிருந்து, வந்தவன் டவுனில் பேர் எடுத்துவிட்டேன் என்கிற தலைக்கனம் வேறு. ரேடியேட்டர் என்றால் என்னிடம்தான் வரும். எங்கே ஓட்டை விழுந்தாலும் ஈயம் வைத்து ஒட்டிவிடுவேன், தண்ணீர் ஒரு சொட்டு கசியாது. "ரேடியேட்டர் டொக்டர்" என்று பட்டமே கொடுத்திருந்தார்கள். டொக்டர் என்று பெயர் வந்தால் கூடவே ஒரு வியாதியும் வந்துவிடும். நோயாளி வாயைத் திறக்கிறதுக்கு முன்பே மருந்து எழுதிவிடுவோம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் வத்தேகமயிலிருந்து நானா வந்தார்.

நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிட்டது, அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். தடித்த மனுஷன், இடுப்பில் வெள்ளைச் சாரம், தலையில் வலை பின்னிய தொப்பி. அவர் ஓட்டி வந்த ட்ராக்டர் சாம்பல் நிறத்தில் இருந்த ஒரு பழைய இங்கிலாந்துக்காரி. சுதந்திரம் கிடைத்த கையோடு ஏதோ ஒரு தோட்டத்துக்கு வந்து, அங்கே உழைத்துத் தேய்ந்து, பிறகு நானாவின் தகப்பன், அவருடைய வாப்பா, கைக்கு வந்தது. தேயிலைக் கொழுந்து மூட்டை, விறகு, மணல் எல்லாம் அதில்தான் போகும். 

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அதற்கு வேறு வேலை. பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அம்மன் தேரை இழுப்பது. வாப்பா இழுத்தார், அவருக்குப் பிறகு நானா இழுத்தார். கூலி இல்லை. கோயிலில் கொடுக்கிற சர்க்கரைப் பொங்கலை மட்டும் வாழை இலையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்.

"மகன், போன வருசம் பாதி ஏத்தத்துல தண்ணி கொதிச்சு நிண்டுட்டு," என்றார் நானா. வண்டியிலிருந்து இறங்கக்கூட இல்லை. "சனம் எல்லாம் கவுறு போட்டுத் தேர இழுத்தாங்க. நான் ஓரத்துல நிண்டு பாத்துட்டு ஈந்தேன். என்ட வாப்பாட காலத்துல இருந்து அப்படி நடந்ததே இல்ல."

"சரி நானா, பார்ப்போம்."

"கேளுங்க மகன். கோயில் தலைவர் நல்ல மனுசன், மொகத்துல அடிச்ச மாதிரிச் செல்லல்ல. இந்த வருசமும் நிண்டா, வாற வருசம் கம்பளையில இருந்து புது டெக்டர் எடுக்கப் போறாங்களாம். 'ஒங்களுக்கும் செரமம் தானே நானா'ண்டு செல்றாரு. எனக்கு என்ன செரமம்? வாப்பா என் கையில தந்துட்டுப் போன வேல அது ஒண்டுதான்."

அதைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

"வண்டியில இன்னொரு விசயம் ஈக்கிது மகன். எறக்கத்துல எறங்குற நேரம் தான் ஒரு சத்தம்..."

"நானா," என்று சிரித்தேன். "எறக்கத்துல எஞ்சினுக்கு வேலையே இல்ல, சும்மாதான் வரும். சூடாகிறது ஏத்தத்துல. நீங்க போய்ட்டு வியாழக்கிழமை வாங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். டொக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார் பாவம்.

முன்பக்கத்தைக் கழற்றினேன். பழுது என்னைப் பார்த்துச் சிரித்தது. ரேடியேட்டரின் பின்பக்கத்தில் வட்டமாக ஒரு வெட்டுக் காயம், ஃபேன் உரசி உரசி உண்டாக்கியது. அந்த வட்டத்தில் ஒரு குழாய் வெட்டுப்பட்டுத் தண்ணீர் வியர்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ பழைய ரேடியேட்டரை எடுத்துவிட்டு அதைவிடத் தடிப்பான ஒன்றைப் போட்டிருந்தான். அதனால் ஃபேனுக்கும் அதற்கும் நடுவில் இடம் குறைவு. இந்த மாதிரி வண்டிக்கு அந்த இடைவெளியில் என் கட்டைவிரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழைந்தது, ஆனால் உரசிக்கொண்டு நுழைந்தது. ஆகா, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

ரேடியேட்டரின் முன்பக்கத்தைக் கழுவும்போது தகடுகளுக்கு நடுவிலிருந்து வாழைநார், காய்ந்த செவ்வந்தி இதழ், வேப்பிலைக் காம்பு என்று ஒரு பிடி குப்பை வந்தது. கூடவே கெட்டியான சந்தனம். ஊதித் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

காயத்தை ஒட்டினேன். ரேடியேட்டரைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பார்த்தேன், பொனட் மூடவில்லை. சரி, அசைய மாட்டேன் என்கிறவனை விட்டுவிட்டு அடுத்தவனைப் பிடிப்போம் என்று ஃபேனைக் கழற்றினேன். நான்கு இறக்கை. ஒவ்வொன்றிலும் ரேடியேட்டரைப் பார்த்துத் துருத்திக்கொண்டிருந்த மூலையை வெட்டினேன். ஐயோ, எவ்வளவு அழகாக வெட்டினேன் தெரியுமா! நான்கும் ஒரே அளவு, அரம் போட்டு வழுவழுவென்று ஆக்கி, கறுப்புப் பெயின்ட் வேறு அடித்தேன். மாட்டிப் பார்த்தால் கட்டைவிரல் தாராளமாகப் போய் வந்தது. நானாவிடம் வண்டியைக் கொடுக்கும்போது, "இனி ஃபேன் ரேடியேட்டரைத் தொடவே தொடாது, நான் பொறுப்பு" என்றேன்.

ஒரு வாரம் ஆகவில்லை. காலையில் கராஜ் கதவைத் திறந்தால் வாசலில் ட்ராக்டர் நிற்கிறது. பக்கத்தில் நானா, கையில் தண்ணீர்க் கேன். வத்தேகமயிலிருந்து வழி நெடுக நின்று நின்று, ஆற விட்டு ஆற விட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி வந்திருக்கிறார். பழைய காயத்துக்கு மேலேயே புதுக் காயம், முன்னதைவிட ஆழம்.

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் கத்தவில்லை.

"மகன், அண்டைக்கு நான் செல்லி முடிக்கல்ல," என்றார். "நீங்க தான் முடிச்சிட்டீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். தேத்தண்ணி வாங்கிவரச் சொன்னேன். "இப்ப சொல்லுங்க நானா, நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். ஏற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. சமதரையிலும் இல்லை. பாரத்தோடு இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டால், எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற அந்த நேரத்தில் மட்டும், சிரிங் சிரிங் என்று கேட்கும். பள்ளத்துக்கு வந்தால் நின்றுவிடும். "சைக்கிள் கம்பியில குச்சிய வெச்ச மாதிரி" என்றார். இத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே என் காலடியில் கொண்டுவந்து வைத்திருந்தார்.

கராஜுக்குப் பின்னால் ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒரு பாதை உண்டு. ட்ராக்டரை அங்கே கொண்டுபோய் மூக்குக் கீழே பார்க்கிற மாதிரி நிறுத்தினோம். நான்கு சில்லுக்கும் கல் வைத்தோம். எஞ்சினை நிறுத்திவிட்டு என் கட்டைவிரலைக் கொண்டுபோனேன். நுழையவில்லை. சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

ஃபேனைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன், போனது. விட்டேன், தானாக முன்னால் சரிந்து வந்தது. ஃபேன் உட்கார்ந்திருக்கிற தண்ணீர்ப் பம்பின் தண்டு, உள்ளே பெயாரிங் தேய்ந்துபோய், மேசை லாச்சி மாதிரி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் பின்னால் போய் நல்ல பிள்ளையாக உட்காரும். இறக்கத்தில் முன்னால் வரும். போதாததற்கு ஃபேன் வேகமாகச் சுற்றும்போது காற்றைப் பின்னால் தள்ளித் தன்னை முன்னால் இழுத்துக்கொள்ளும். நான் என்ன செய்திருக்கிறேன்? சமதரையில், நிறுத்தி வைத்த வண்டியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றிருக்கிறேன். படுத்திருக்கிறவனிடம் நடந்தால் கால் வலிக்கிறதா என்று கேட்காமலே மருந்து கொடுத்த மாதிரி.

தேய்ந்தது பெயாரிங். நான் வெட்டியது ஃபேனை. ஒரு பாவமும் செய்யாத ஃபேன்.

கம்பளையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரைப் பிடித்துப் பம்பைச் சரிசெய்தோம். தண்டு இப்போது அசையவில்லை. ரேடியேட்டரையும் மறுபடி ஒட்டினேன். ஆனால் ஃபேன்? மூலை வெட்டிய ஃபேன் இழுக்கிற காற்று குறைவு. பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம் அது, வெளிநாட்டிலிருந்து ஒரு போல்ட் நட்டு வராது. அந்த வயது ட்ராக்டருக்குப் புது ஃபேனை எங்கே தேடுவது? கண்டி முழுக்க அலைந்தேன், கிடைக்கவில்லை.

எங்கள் முதலாளி வந்து பார்த்தார். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று ஆரம்பித்து எனக்குப் பொருத்தமான எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "வெட்டின துண்டு நாலும் இருக்குதானே, வெல்டிங் வச்சு ஒட்டிக் குடு" என்றார்.

"முடியாது முதலாளி."

"என்னா முடியாது?"

"மெல்லிசான தகடு. ஒட்டுன துண்டு சுத்துற வேகத்துல பிச்சிக்கிட்டுப் பறந்தா, தேரைச் சுத்தி ஆயிரம் சனம் நிக்கும். பொம்பளைங்க புள்ளைங்க எல்லாம். காத்துக் குறைஞ்சா வண்டிதான் நிக்கும். துண்டு பறந்தா ஆள் போயிரும்."

முதலாளி என்னை முறைத்துவிட்டுப் போனார். அந்த ட்ராக்டர் விஷயத்தில் நான் யோசித்து எடுத்த முதல் முடிவு அதுதான்.

பிறகு நானாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். நோய் வேறு இடத்தில் இருந்தது, நான் வெட்டியது வேறு இடத்தை, இப்போது வண்டி ஓடும், ஆனால் குளிர வைக்கிற காற்றில் மிச்சம் எதுவும் இல்லை, தேரோடு ஏற்றம் ஏறினால் அது மட்டுமட்டாகத்தான் இருக்கும். சொல்லி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப திருவிழாவுக்கு நீங்களும் வாங்க," என்றார் நானா. "நிண்டா ரெண்டு பேரும் ஒண்டா ஓரத்துல நிப்பம்."

இந்த மனுஷனுக்காகவாவது வண்டி நிற்கக்கூடாது என்று அந்த நிமிடம் வேண்டிக்கொண்டேன்.

திருவிழா அன்று காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டேன். கோயில் மேலே, தொழிற்சாலைக்குப் பக்கத்தில். தேர் அங்கிருந்து புறப்பட்டு இறக்கத்தில் கீழ் டிவிஷனுக்குப் போய், அங்கிருந்து மூன்று லயங்களைத் தாண்டி ஏறித் திரும்பக் கோயிலுக்கு வர வேண்டும். ட்ராக்டரைப் பார்த்தேன்.

ட்ராக்டரின் முகத்தையே காணோம்! ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கம்பித் தட்டியில் மஞ்சள் பட்டுச் சேலை ஒன்றை நாலாக மடித்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதற்கு மேல் வேப்பிலைக் கொத்து. அதற்கு மேல் செவ்வந்தி மாலை, ரோஜா மாலை, தென்னம்பாளை, எலுமிச்சம்பழ மாலை. ஒவ்வொரு குடும்பமும் நேர்த்தி வைத்து ஒரு மாலை. காற்று போவதற்கு ஊசி நுழைகிற இடம்கூட இல்லை. அப்போதுதான் ரேடியேட்டரைக் கழுவும்போது வந்த அந்த ஒரு பிடி குப்பை ஞாபகம் வந்தது. போன வருடம் வண்டி ஏன் நின்றது என்பது எனக்குக் காலையில் ஆறு மணிக்கு, தவில் சத்தத்துக்கு நடுவில் விளங்கியது. ஃபேன் வெட்டிய ஓட்டை பாதி, இந்த மாலைகள் பாதி.

"நானா, இதையெல்லாம் கழட்டணும்," என்று அவர் காதில் சொன்னேன்.

நானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டே, "நான் செல்லலாமா மகன்?" என்றார். "நான் தொப்பி போட்டவன். அம்மாட மாலைய எடுங்கண்டு என் வாயால வந்தா அதுக்கு வேற அர்த்தம் வரும். இத்தன வருசம் வராத அர்த்தம்."

அது நியாயம். சரி, நான் சொல்கிறேன் என்று தலைவரைத் தேடிப் போனேன். மீசை வைத்த பெரிய மனுஷன், தோளில் சிவப்புத் துண்டு.

"தலைவரே, முன்னுக்குக் கட்டியிருக்கிற மாலையக் கொஞ்சம்..."

"அழகா இருக்குல்ல தம்பி? அந்தச் சேலை நம்ம கோயில் கமிட்டியே வாங்குனது," என்று தோளில் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வண்டி ஏறும்ல? இந்த வருசம் நின்னா நானாவுக்காக நான் பேச முடியாது, சொல்லிப்புட்டேன்" என்றார்.

தவில் உச்சத்துக்குப் போனது, அரோகரா என்றார்கள், தேர் நகர்ந்தது. நான் ஓடிப்போய் நானாவுக்குப் பக்கத்தில் மட்காட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

இறக்கம். பின்னால் தேரைக் கயிறு போட்டு ஆட்கள் பிடித்துக்கொண்டு வர, நானா இரண்டாம் கியரில் விட்டார். எஞ்சின் முனகியது. நான் தவிலை மறந்து, நாதஸ்வரத்தை மறந்து, காது முழுவதையும் பொனட்டுக்குள் வைத்தேன். சிரிங் வரவில்லை. முதல் வளைவு, வரவில்லை. இரண்டாவது வளைவு, வரவில்லை. பள்ளத்துக்கு வந்ததும் நானா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஆனால் ஏற்றம் இருந்ததே. ஏறத் தொடங்கித் தேர்ச் சங்கிலி இழுபட்ட கொஞ்ச நேரத்திலேயே சூடு காட்டும் முள் எழும்பியது. மெதுவாக எழும்பினால் பரவாயில்லை. காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிறவன் மாதிரி எழும்பியது. முதல் லயம் வருவதற்குள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சூடான இரும்பும் வெந்த பூவும் கலந்த ஒரு வாசனை வேறு. நானாவின் கழுத்தில் வியர்வை வழிந்தது. அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

முதல் லயத்து வாசலில் தேர் நின்றது. வழக்கம்தான், ஒவ்வொரு லயத்திலும் நின்று தட்டு வாங்கி, தீபம் காட்டிவிட்டுத்தான் போகும். எனக்கு இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான். மாலைகளைப் பிடுங்கி எறியலாம், எறிந்தால் என்னைத் தேருக்குக் கீழேயே போட்டு மிதித்திருப்பார்கள். எஞ்சினை நிறுத்தலாம், நிறுத்தினால் நானாவின் கதை முடிந்தது. அப்போது பூசாரி அர்ச்சனைத் தட்டில் ஒரு பூவை வைத்துத் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்தேன். வாங்கின பெண் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குதித்து இறங்கினேன். ட்ராக்டர் முகத்திலிருந்து பெரிய செவ்வந்தி மாலை ஒன்றைக் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, வரிசையில் முதலில் நின்ற அம்மாவின் தட்டில் வைத்தேன்.

"என்னா தம்பி இது?" என்றாள் அவள்.

"அம்மனுக்கு முன்னாடி போற மாலை. இது லயத்துக்குச் சேரணும்," என்றேன். வாய் தானாகப் பேசியது. "அம்மனுக்கு முன்னாடி மறைக்கக் கூடாது. காத்து வரணும். இல்லாட்டி அம்மனுக்கு மூச்சு முட்டும்."

அந்த அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "அடியே, ஓடியாங்கடி, முன்மாலை குடுக்குறாங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள். ஐயோ சாமி! எனக்குக் கை பத்தவில்லை. அந்த லயத்திலேயே ஒன்பது பத்து மாலை போய்விட்டது. இரண்டாம் லயத்தில் நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. நாங்கள் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது, தட்டோடு நின்றார்கள். வேப்பிலை, தென்னம்பாளை, எலுமிச்சை எல்லாம் போனது. பூசாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அவரும் நான் கழற்றுகிற மாலைக்கெல்லாம் விபூதி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்.

முள் இறங்கவில்லை, ஆனால் ஏறவும் இல்லை. சேலை இன்னும் இருந்தது. கமிட்டி வாங்கிய சேலை.

மூன்றாம் லயம் தலைவருடைய லயம். வாசலில் அவர் மருமகள் நின்றாள், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. நான் முடிச்சை அவிழ்த்தேன். தலைவரின் மீசை துடித்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். சேலையை மடித்து அந்தப் பெண்ணின் கையில் வைத்து, "அம்மன் சேலை புதுசா வீட்டுக்கு வந்த மருமகளுக்குத்தான்" என்றேன். கூட்டம் அரோகரா போட்டது. தலைவர் என்ன சொல்வார்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் அரோகரா போட்டார்.

ட்ராக்டரின் முகம் இப்போது மொட்டை. கடைசி ஏற்றம்தான் செங்குத்து. காற்று உள்ளே போகும் சத்தம் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். முள் சிவப்பை விட்டு ஒரு நூல், இரண்டு நூல் இறங்கியது. வெட்டுப்பட்ட அந்த ஃபேன் தன்னால் முடிந்ததை இழுத்தது. தேர் கோயில் வாசலில் வந்து நின்றபோது நானா எஞ்சினை உடனே நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஆற வைத்து, அப்புறம்தான் நிறுத்தினார். ஓட்டத் தெரிந்தவர் அவர்.

தலைவர் நேராக நானாவிடம் வந்து கையைப் பிடித்தார். "வாற வருசமும் நீங்கதான் நானா. கம்பளையாவது கிம்பளையாவது."

நானா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். வியர்வையைத்தான் துடைத்தார் என்று அன்று எல்லோரும் நம்பினோம்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அந்த மாலை குடுக்கிற வழக்கம் நல்லாருக்கு தம்பி. எந்தப் பக்கத்து வழக்கம்?"

"ஹந்தானைப் பக்கம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

பொங்கல் சாப்பிடும்போது நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன், ஃபேனுக்கு. மாலை வழக்கம் என்று சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டேன். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நான் வண்டி ஓட்டிட்டு ஈந்தேன் மகன், கண்ண மூடிட்டா ஈந்தேன்?" என்றார். பிறகு, "ஒரு காரியம் செய்யுங்க. இனி எவன் வண்டி கொண்டாந்தாலும், அவன் செல்லி முடிக்க உடுங்க. அவன் மடையனா ஈந்தாலும் உடுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் கராஜில் ஒரு கதிரையை நிரந்தரமாகப் போட்டு வைத்தேன். வண்டி கொண்டுவருகிறவர் முதலில் அதில் உட்கார வேண்டும். நீங்கள் இப்போது மதிய சாப்பாட்டுக்குக் கால் நீட்டுகிற அந்த மரக் கதிரை அதுதான். அது உங்களுக்காகப் போட்டது இல்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

நானா காலமாகிவிட்டார். அந்தச் சாம்பல்நிற இங்கிலாந்துக்காரியும் போய்விட்டாள். இப்போது அவருடைய மகன் தேர் இழுக்கிறார், புது ட்ராக்டர். போன திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ட்ராக்டரைப் பார்த்தேன். முன்னால் ஒரு மாலை, ஒரே ஒரு மாலைதான், அதுவும் ஓரமாக. மிச்ச மாலையெல்லாம் பக்கத்தில் ஒரு பெரிய கூடையில் இருந்தது. தேர் முதல் லயத்தில் நின்றது. கோயில் கமிட்டிச் செயலாளர் ஒரு பெண், பாடசாலையில் படிப்பிக்கிறாள். அன்று சேலை வாங்கிய அந்த மருமகளின் மகள். அவள் கூடையிலிருந்து ஒவ்வொரு மாலையாக எடுத்துத் தட்டுகளில் வைத்துக்கொண்டு வந்தாள். என் கையிலும் ஒன்றை வைத்தாள்.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"முன்மாலை தாத்தா. தெரியாதா ஒங்களுக்கு? இது பரம்பரை பரம்பரையா வர்ற வழக்கம். அம்மனுக்கு முன்னாடி மறைச்சா மூச்சு முட்டும்னு..."

வாயைத் திறந்தேன். பிறகு நானா ஞாபகத்துக்கு வந்தார். மூடிக்கொண்டேன். அவள் அந்தக் கதையை ஆதியிலிருந்து அந்தம் வரை, ஒரு முனிவரும் ஒரு கனவும் சேர்த்து, மிக அழகாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.